போடும்போதே நீக்கும் அளவையும் சொல்லுங்கள்

2021 செப்டம்பரில் தமிழகத்தில் நாளொன்றுக்குப் புதிதாகக் கொரோனா உறுதியானவர்கள் 1,600 பேரை ஒட்டி இருந்தார்கள். மே மாதத்தின் உச்சத்தோடு பார்த்தால் இது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களுக்குள் பக்தர்கள் போகக் கூடாது என்ற உத்தரவு நடப்பில் இருந்தது. ஆவணி ஞாயிறுகளில் பாலும் மஞ்சளும் கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து குவியும் நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கும் அதே உத்தரவுதான். அடுத்து நான்கு மாதம் கடந்து 2022 ஜனவரி 28-க்கு வருவோம். அன்று தமிழகத்தில் புதிய தொற்றாளர்கள் 26,000-க்கும் மேல். அந்த நாளில்தான் இரவு ஊரடங்கு விலக்கப்பட்டது, ஞாயிறு முழு ஊரடங்கு கைவிடப்பட்டது, இடையில் திறந்து மறுபடி அடைபட்ட வழிபாட்டுத் தலங்கள் எல்லா நாளும் திறந்தன. தொற்று பதினாறு மடங்கு கூடியிருந்த நாளில் கதவு திறந்தது. குறைந்திருந்த நாட்களில் அடைத்துக் கிடந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும், அரசு எந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்கிறது என்ற கேள்வி எழும்.

உண்மையில் இரண்டு முடிவுகளையும் நியாயப்படுத்த முடியும். தொற்றாளர் எண்ணிக்கை நோயின் கனத்தைக் காட்டும் அளவுகோல்களில் ஒன்றுதான். தலையாய அளவுகோல் அதுவல்ல. 2021 மே 21-ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதக் கடைசியில் நாள்தோறும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தன. 2022 ஜனவரியில் தொற்று 30,000-ஐத் தாண்டியபோதோ, அன்றாட இறப்பு 50-ஐ ஒட்டியே இருந்தது. படுக்கைகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. பரவியது ஒமிக்ரான், உடல்களில் தடுப்பூசியின் காப்போ, முன்பு வந்துபோன தொற்றின் காப்போ இருந்தது. 2021 செப்டம்பரில் நிலைமை வேறு. டெல்டா இன்னும் ஓயவில்லை, இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர்கள் சிறுபான்மையினர், பக்கத்துக் கேரளத்தில் தொற்று உச்சத்தில் இருந்தது. ஆக, குறைவான தொற்றின்போது கட்டுப்பாடும், கூடுதலான தொற்றின்போது தளர்வும் முரண்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்த அளவுக்கு வந்தால் கட்டுப்பாடு வரும், எந்த அளவுக்குக் கீழே போனால் போகும் என்பது இரண்டு முறையும் மக்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. கட்டுப்பாட்டை அறிவிக்கிற நாளிலேயே அதை நீக்கும் அளவையும் அறிவிக்க வேண்டும். அப்படிச் செய்யாத கட்டுப்பாடு, மருத்துவக் காரணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், மக்கள் மனத்தில் அதிகாரத்தின் விருப்பமாகவே பதியும்.

'தொற்றுதான் குறைகிறதே, பிறகு எதற்கு மறுபடியும் கட்டுப்பாடு?' என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் குறைவதை மட்டும் பார்த்து மெத்தனமாக இருந்ததற்குக் கொடுத்த விலையும் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தெரியும். கன்னியாகுமரி மக்களவை உறுப்பினராக இருந்த எச். வசந்தகுமார் கொரோனா தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் 2020 ஆகஸ்ட் 28-ஆம் தேதி காலமானார். அதனால் வந்த இடைத்தேர்தல், சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்தின் அன்றாடத் தொற்று 500-க்கும் கீழே இறங்கியிருந்தது. நாடு முழுவதற்கும் சேர்த்தே ஒரு நாளில் 10,000-க்கும் குறைவாக வந்ததுண்டு. கொரோனா ஓடிப்போய்விட்டது என்ற நினைப்பிலேயே பிரசாரக் கூட்டங்கள் கூடின. வாக்குப்பதிவு நாளன்று மாநிலத் தொற்று 3,600-ஐத் தாண்டியிருந்தது. பொதுப்போக்குவரத்துக்கும் திருவிழாக்களுக்கும் கட்டுப்பாடு வந்தது ஏப்ரல் 10-ஆம் தேதி, அதாவது வாக்குப்பதிவு முடிந்த நான்காம் நாள். நோயால் காலியான ஒரு தொகுதிக்கு நடந்த தேர்தலே நோய் பெருகும் காலத்துக் கூட்டமாக முடிந்தது. வரைபடம் கீழே போவதைக் காட்டிக் கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே இறங்குமுகம் என்பது பாதுகாப்புக்கான அத்தாட்சி அல்ல. இதைப் புரிந்துகொள்ள நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று நாளிதழில் தினமும் வருகிறது. முழு மட்டம் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. மழைக்காலத்தில் மேலே வரத்து கூடினால், மட்டம் முந்தின நாளைவிடக் குறைந்திருந்தாலும் உபரி நீரைத் திறப்பார்கள். கரையோரத்தில் எச்சரிக்கை கொடுப்பார்கள். வரத்து தணிந்ததும் மதகை அடைப்பார்கள். திறந்ததற்கு யாரும் கோபப்படுவதில்லை, அடைத்ததை யாருடைய வெற்றியாகவும் யாரும் கொண்டாடுவதில்லை. எண் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அந்த எண் எதைச் செய்ய வைக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. தொற்றுக்காலக் கட்டுப்பாடு இழந்தது இந்தத் தெளிவைத்தான்.

அதை இழந்ததால் என்ன ஆனது என்பதற்கு வெள்ளி, சனி, ஞாயிறு உத்தரவே சாட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்கு 49 பேர் அளவில், கிறிஸ்தவர்கள் 47 பேர் அளவில், முஸ்லிம்கள் 4 பேர் அளவில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா, ஞாயிறு திருப்பலியும் ஆராதனையும், வெள்ளியன்று அம்மன் கோயில், ஆவணி ஞாயிறு என்று மூன்று சமயத்தாரின் முக்கிய வழிபாட்டு நாட்களும் அந்த மூன்று நாளுக்குள் அடங்கிவிட்டன. கூட்டம் சேரும் நாளைக் குறிவைத்தது நோயியல் நோக்கில் சரியே. ஆனால் திரையரங்குகள் ஆகஸ்ட் 23 முதல் பாதி இருக்கைகளோடு திறந்திருந்தன. டாஸ்மாக் கடைகளும் திறந்திருந்தன. மூடிய அறையில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிடப் பிராகாரத்தில் வரிசையில் நிற்பது எப்படி ஆபத்தானது என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் இல்லை. செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குத் தடை வந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. காற்றோட்டமுள்ள திறந்தவெளியில் பரவல் மிகக் குறைவு என்பது அதற்குள் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. கன்னியாகுமரி கடற்கரையில் சங்கும் பாசிமணியும் விற்கிற சிறு வியாபாரிக்கு ஞாயிறு ஒரு நாள் மற்ற நாட்களின் வருமானத்தை ஈடுகட்டும் நாள். தோவாளைப் பூச்சந்தைக்குக் கோயில் அடைப்பு என்றால் பிச்சியும் அரளியும் விலை சரியும் நாள்.

காரணம் சொல்லப்படாத இடத்தில் அரசியல் காரணம் சொல்லும். கோயில்களை எல்லா நாளும் திறக்கக் கோரி பா.ஜ.க. அக்டோபர் 7-ஆம் தேதி மாநிலத்தின் பல கோயில்கள் முன்பாக ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 14 முதல் எல்லா நாளும் வழிபாட்டுக்கு அனுமதி வந்தது. அன்றைய தொற்று 1,300-ஐ ஒட்டி இருந்தது. செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் நடுவே சில நூறு பேரே குறைந்திருந்தார்கள். செப்டம்பர் 12-இல் தொடங்கிய மெகா தடுப்பூசி முகாம்களால் காப்பு பெற்றவர்கள் வேகமாகக் கூடியிருந்தார்கள். தளர்வுக்கு இது நல்ல காரணம்தான். ஆனால் தடுப்பூசி இத்தனை விழுக்காட்டைத் தொட்டால் திறப்போம் என்று ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால், அக்டோபர் முடிவைப் போராட்டத்தின் வெற்றி என்று ஒரு தரப்பும் பணிந்துபோதல் என்று மறுதரப்பும் சொல்ல வழி இருந்திருக்காது. முன்கூட்டி அறிவித்த அளவு அரசின் கையைக் கட்டுவதைவிட, அரசைக் காப்பதுதான் அதிகம்.

எல்லை மாவட்டம் என்பதால் கன்னியாகுமரிக்கு இந்தக் கேள்வி இரட்டைச் சுமை. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. கோடு மாறினாலும் உறவும் தொழிலும் மாறவில்லை. சிகிச்சைக்குத் திருவனந்தபுரம், படிப்புக்கு அங்கே, வேலைக்கு அங்கே, பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கே. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்றையோ, இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றையோ காட்ட வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட்டது. களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசையில் நின்றன. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லை தாண்டி மறுபடி ஓடத் தொடங்கியது 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான். அதுவரை இந்தப் பக்கம் இறங்கி, நடந்து எல்லையைக் கடந்து, அந்தப் பக்கம் வேறு பேருந்து ஏறியவர்கள் பலர். பேருந்து கடக்கக் கூடாது, பயணி நடந்து கடக்கலாம் என்றால் வைரஸும் கூடவே நடக்கும் என்பதை அறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை.

ஆனாலும் எல்லைச் சோதனையை வெறும் பயம் என்று ஒதுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில் தமிழகத்தில் 69 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பாற்றல் தென்பட்டது. கேரளத்தில் 44 விழுக்காடுதான். கேரளத்தில் முந்தைய அலைகள் கட்டுக்குள் இருந்ததாலேயே தொற்றுக்கு ஆளாகாதவர்கள் அதிகம் மிஞ்சியிருந்தார்கள். ஓணத்துக்குப் பிறகு ஆகஸ்ட் 25-ஆம் தேதி அங்கே ஒரே நாளில் 31,000-க்கும் மேல் பதிவானது இதன் தொடர்ச்சி. பக்ரீதுக்காகக் கேரளம் தந்த தளர்வை உச்ச நீதிமன்றமே ஜூலை 20-இல் கண்டித்திருந்தது. எனவே தமிழகத்தின் வரைபடம் இறங்கினாலும் இந்த மாவட்டத்தின் வரைபடம் திருவனந்தபுரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கக்கூடும் என்ற கவலை நியாயமானது. இங்கிருந்து பெற வேண்டிய முடிவு ஒன்றுண்டு. சென்னையில் கூட்டப்படும் மாநிலச் சராசரி குமரிக்குச் சரியான அளவுகோல் அல்ல. அது சில நேரம் இங்கே தேவைக்கு மேல் கட்டிப்போடும், சில நேரம் தேவைப்படும்போது கைவிடும்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில், வேறொரு முறை நடந்துகொண்டிருந்தது. கேரளம் முதலில் உள்ளாட்சிகளை, செய்த பரிசோதனைகளில் எத்தனை விழுக்காடு தொற்று உறுதியாகிறது என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரித்தது. ஆகஸ்டில் அதை மாற்றி, ஆயிரம் பேருக்கு வாரத்தில் பத்துப் பேருக்கு மேல் தொற்று என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் கடும் ஊரடங்கு என்றது. தன் ஊராட்சியின் கணக்கைப் பார்த்து அடுத்த வாரம் கடை திறக்குமா என்பதை ஓரளவு கணிக்க அங்குள்ள வியாபாரிக்கு முடிந்தது. தமிழகத்தில் மாவட்டங்களை வகைப்படுத்தியது 2021 ஜூனில் நடந்தது. அந்த வகைகளின் எல்லைக்கோடு எந்த எண் என்பது குடிமக்களின் கைக்கு வரவில்லை. கேரள முறை குறையற்றது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் ஜூலையில் வியாபாரிகள் வீதிக்கு வந்தார்கள். அறிகுறி உள்ளவர்களை மட்டும் பரிசோதித்தால் விழுக்காடு ஏறும், யாரையும் எவரையும் பரிசோதித்தால் இறங்கும் என்ற குறை வெளிப்பட்டது. ஆனால் அந்தக் குறை வெளிப்பட்டதும் திருத்தப்பட்டதும் அளவுகோல் பொதுவெளியில் இருந்ததால்தான். மறைத்து வைத்த அளவுகோலை யாராலும் திருத்த முடியாது.

அறிவித்த எண்ணைக் காட்டி ஏமாற்றலாமே, பரிசோதனையைக் குறைத்தால் தொற்றும் குறையுமே என்பது முதல் மறுப்பு. அதனால்தான் ஒரே எண்ணை நம்பக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூச்சுத்திணறலோடு சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ஆக்சிஜன் படுக்கைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதைப் பரிசோதனைக் கணக்கைப்போல ஒளித்துவைக்க முடியாது. இந்த எண்ணோடு, 60 வயதைக் கடந்தவர்களில் தடுப்பூசி போட்டவர்களின் விழுக்காட்டையும், வாரத் தொற்றின் போக்கையும் சேர்த்து மூன்றாக வைத்தால் போதும். ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். மக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் விளங்காது என்பார்கள். 2011 கணக்கில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டத்தைப் பார்த்து அப்படிச் சொல்வதில் பொருளில்லை.

புதிய வகை வைரஸ் வரும்போது பழைய எண்ணுக்குள் அரசு சிக்கிக்கொள்ளாதா என்பது இன்னும் கனமான மறுப்பு. 2021 நவம்பர் கடைசியில் ஒமிக்ரான் வந்தபோது அதன் குணம் எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் எண் வரும்வரை காத்திருக்கச் சொல்வது அபத்தம். முன்னெச்சரிக்கையாகக் கட்டுப்பாடு போடட்டும். ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்க வேண்டும், கெடு முடியும்போது அதுவரை தெரியவந்ததைச் சொல்லி நீட்டிக்கவோ நீக்கவோ வேண்டும். உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. நெதர்லாந்து 2021 ஜூன் 26-இல் இரவு விடுதிகளைத் திறந்துவிட்டு, தொற்று பன்மடங்கு பாய்ந்ததும் ஜூலை 10-இல் மூடியது. அவசரப்பட்டுவிட்டோம் என்று பிரதமரே மன்னிப்புக் கேட்டார். நூறாண்டுக்கு முன் சான்பிரான்சிஸ்கோவில் 1918 நவம்பரில் முகக்கவசக் கட்டாயம் விலக்கப்பட்டு, காய்ச்சல் திரும்பியதும் 1919 ஜனவரியில் மறுபடி வந்தது. இரண்டாம் முறை எதிர்ப்புச் சங்கமே கிளம்பிவிட்டது. முதல் முறை பொறுத்துக்கொண்ட மக்கள் இரண்டாம் முறை ஏன் முரண்டுபிடிக்கிறார்கள் என்றால், முடிந்துவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. முடியவில்லை, அளவைத் தாண்டினால் திரும்பும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் திரும்புவது துரோகமாகத் தோன்றாது.

எந்தக் கட்டுப்பாடும் இனி வேண்டாம், பிழைப்பு போதும் பட்டுவிட்டது என்பவர்களின் வாதத்தில் வலி இருக்கிறது. ஆனால் பிழைப்பை அதிகம் அழித்தது எது என்று பார்க்க வேண்டும். வார இறுதி அடைப்பு பூ வியாபாரிக்கு மூன்று நாளைப் பறித்தது; 2021 மே 10-இல் தொடங்கி 24-இல் இறுகிய முழு ஊரடங்கு வாரக்கணக்கில் எல்லாவற்றையும் பறித்தது. தாமதமாக வரும் கட்டுப்பாடுதான் கடுமையாக வரும். அதேசமயம், அந்த முழு ஊரடங்குக்கு அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கிடைத்தது. வார இறுதித் தடைகளுக்கு எதுவும் இல்லை. ஊர் முழுவதன் நலனுக்கான செலவைச் சங்கு விற்பவரும் பூக்கட்டுபவரும் தனியே தாங்கினார்கள். கட்டுப்பாட்டு உத்தரவில் நீக்கும் அளவோடு, இழப்பவருக்கு என்ன தருவோம் என்பதும் ஒரு வரியாக இருந்தாக வேண்டும். செலவு தன் கணக்கில் ஏறும்போது அரசும் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்காது.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், மக்கள் நலனுக்காக அரசு தனிமனித உரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்று ஏற்றது. ஆனால் அந்த வரம்பு நிலைமைக்கு அளவாக இருக்க வேண்டும், தொற்று குறைவாக உள்ள அந்த நேரத்தில் தடுப்பூசி போடாதவர்களைப் பொது இடங்களிலிருந்து விலக்கும் உத்தரவுகளைத் திரும்பப் பெறலாம் என்றது. தொற்று கூடினால் நிலைமையை மறுபடி பார்க்கலாம் என்பதற்கும் இடம் வைத்தது. குறைந்தால் நீக்கு, கூடினால் யோசி என்ற இந்த இரட்டைத்தன்மைதான் நிர்வாக உத்தரவுகளில் இல்லாமல் போனது. அந்தத் தீர்ப்புக்கு முந்தின ஏப்ரலில் தமிழகம் கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் தொற்று பரவியதும் முகக்கவசம் போடாதவர்களுக்கு 500 ரூபாய் அபராதத்தை மாநிலம் முழுவதும் மறுபடி கொண்டுவந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விடுதியில் பரவியதற்காகக் குலசேகரத்திலும் குளச்சலிலும் ஏன் அபராதம் என்பதற்கு உத்தரவில் எண் ஏதும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசரநிலையை முடித்துவைத்தது. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று தெரியாது. வரும் என்பது தெரியும். சண்டை ஓய்ந்த இந்த நேரம்தான் விதியை எழுதி வைக்கத் தோதான நேரம். மாவட்ட அளவில் மூன்று எண்கள், போடும் அளவு, நீக்கும் அளவு, எல்லை மாவட்டத்துக்குப் பக்கத்து மாநில மாவட்டத்தோடு கூட்டுக் கணக்கு, இழப்பவருக்கு நிவாரணம், முன்னெச்சரிக்கை உத்தரவுக்குக் காலக்கெடு. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழேயே இவற்றை அறிவிக்க முடியும். இதில் மக்களுக்கும் ஒரு கடன் உண்டு. அளவைக் கேட்டு வாங்கியவர்கள் அளவுக்குக் கட்டுப்படவும் வேண்டும். அந்த எண் தாண்டுகிற நாள் மண்டைக்காட்டு மாசிக் கொடை நாளாக இருக்கலாம், கோட்டாறு சவேரியார் திருவிழாவாக இருக்கலாம், தேர்தல் பிரசாரத்தின் கடைசி நாளாகவும் இருக்கலாம். அன்றைக்கு நம் விழாவுக்கு மட்டும் விலக்கு கேட்க மாட்டோம் என்று இன்றே ஒப்புக்கொண்டால்தான், நீக்கும் அளவை அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.